கோழி வெளியே போகாத கூண்டும் நரி உள்ளே வராத கூண்டும்

பட்டறையில் சொல்லிச் செய்த கோழிக்கூண்டு இது. வீட்டுக்கு வந்து 14 மாதம் ஆகிறது. ஒரு கோடை, ஒரு முழு மழைக்காலம், இரண்டு பொங்கல் பார்த்துவிட்டது. நரியும் பார்த்துவிட்டது. கேமராவில் பதிவான கணக்குப்படி ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் வெறும் வாயோடுதான் திரும்பியது. இதற்கு மேல் என்ன விமர்சனம் வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் 31,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன், குறை சொல்லவும் சில விஷயம் இருக்கிறது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் சேலம் மாவட்டம் வாழப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கரட்டடியில், அதாவது பாறைக் குன்றின் அடிவாரத்தில், இருக்கிறது. ஒரு பக்கம் பாக்குத் தோப்பு, மறுபக்கம் மரவள்ளி. மரவள்ளி ஆள் உயரம் வளர்ந்துவிட்டால் உள்ளே நரி குடும்பத்தோடு படுத்திருந்தாலும் தெரியாது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கரட்டுப் பக்கம் ஊளை கேட்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். எங்கள் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் பொங்கல் முடிந்த கையோடு வங்காநரியைப் பிடித்து வந்து, கும்பிட்டு, ஊருக்குள் ஓடவிடுகிற வழக்கம் உண்டு. வனத்துறை தடுக்கிறது, அபராதமும் போடுகிறது, அது வேறு கதை. நரி முகத்தில் முழித்தால் நல்லது நடக்கும் என்பார்கள். நான் அதன் வாலைத்தான் பார்த்தேன், அதுவும் வாயில் என் பெட்டையோடு போகும்போது.

முன்னே எங்கள் பழைய வீட்டில் திண்ணைக்கு அடியிலேயே கோழிக்கூடு இருந்தது. செங்கல் வைத்து மண் பூசிய பொந்து, வாயை அடைக்க ஒரு பலகை, பலகைக்கு அண்டை கொடுக்க ஓர் ஆட்டுக்கல் குழவி. பொழுது சாயும்போது அத்தை வாசலில் நின்று "பா... பா... பா..." என்று இரண்டு பிடி கம்பு வீசுவார். எல்லாம் உள்ளே போனதும் எண்ணிப் பார்த்து அடைப்பார். தாய்க்கோழியும் குஞ்சும் தனியாக வீட்டுக்குள் கொடாப்புக் கூடையில். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நரி வாயில் ஒரு கோழி போனதாக நினைவில்லை. 2022-ல் வீட்டை இடித்துக் கட்டினோம். டைல்ஸ் போட்ட போர்ட்டிகோ வந்தது, திண்ணை போனது. அதோடு கோழிக்கு வீடும் போனது.

சரி, ஆன்லைனில் நல்ல கூண்டு கிடைக்கிறதே என்று மகன் ஒசூரிலிருந்து ஆர்டர் போட்டான். விலை 6,499. கம்பெனிப் பெயர் வேண்டாம். படத்தில் அழகாக இருந்தது: பச்சைக் கூரை, மரச் சட்டம், சின்ன ஏணி, முட்டை எடுக்கத் தனிக் கதவு. வந்த பிறகும் அழகாகத்தான் இருந்தது. 14 கோழி தாராளமாக அடைந்தன. இரண்டு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை, நானும் போன் பேசுகிற எல்லோரிடமும் பெருமை பேசினேன்.

2023 ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி. கோழி கத்தியிருக்கும், மழைச் சத்தத்தில் எங்களுக்குத்தான் கேட்கவில்லை. விடியக்காலை டார்ச்சோடு போனால் கூண்டுக்கு வெளியே சேற்றில் இறகு வரிசையாகக் கிடக்கிறது, மரவள்ளிக் காடு வரைக்கும். எட்டு கோழி உள்ளேயும் வெளியேயும் செத்துக் கிடந்தன. மூன்றைக் காணவே இல்லை. மிச்சம் மூன்று முருங்கை மரத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. நான் நிற்கும்போதே தோப்போரம் ஓர் உருவம் மெதுவாகத் திரும்பிப் போனது. அதன் வாயில்தான் மூன்றில் ஒன்று. அவசரமே படவில்லை.

யார் வேலை என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கீரி பகலில் வரும். பெரும்பாலும் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும், முழுக் கோழியைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் போகாது. மரநாய் மேலே ஏறி வரும், கூரை ஓட்டையைத் தேடும். இது கீழேயிருந்து வந்திருந்தது. வலையின் அடி ஓரம் ஒரு முழ நீளத்துக்கு மடங்கித் தொங்கியது.

உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அது அறுகோணக் கண் வைத்த கோழி வலை. கம்பி நூலை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். கோழி எச்சம் பட்ட அடி ஓரத்தில் துரு பிடித்து, கையால் திருகினாலே ஒடிந்தது. அதைவிட மோசம், வலையை மரச் சட்டத்தோடு பிடித்திருந்தது பேப்பரைத் தைக்கிற மாதிரிச் சின்னப் பின்கள். நரி பல்லில் ஓரத்தைக் கவ்விப் பின்னால் இழுத்திருக்கிறது, பின்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்திருக்கின்றன. ஏழு பின்னைச் சேற்றிலிருந்து பொறுக்கினேன். கோழி வெளியே போகாமல் இருக்க அந்த வலை போதும். கோழி பல்லால் இழுக்காதே. நரி உள்ளே வராமல் இருக்க அதை யாரும் செய்யவில்லை.

கம்பெனிக்குப் படம் அனுப்பினேன். "விலங்குகளால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது" என்று பதில் வந்தது. கோழிக்கூண்டுக்கு விலங்குச் சேதத்தைத் தவிர வேறு என்ன சேதம் வரும் என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா, வீட்டு லைனிலிருந்து ஒரு கம்பி இழுத்துச் சுற்றி விட்டுவிடு என்றார். இன்னொருவர் கருவாட்டில் மருந்து தடவி வைக்கச் சொன்னார். இரண்டும் வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் விடுவது குற்றம், அதில் சாவது பெரும்பாலும் நரியாக இருக்காது, தண்ணீர் பாய்ச்சப் போகிற மனுஷனாக இருக்கும். மருந்து வைத்தால் காக்கா, நாய், மயில் எல்லாம் சாகும். நரி, கீரி, மரநாய் மூன்றுமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியவை, கொன்றால் ஜெயில். அதெல்லாம் போக, மரவள்ளிக் காட்டில் எலியைத் தின்கிறது நரிதான். எனக்குக் கோழி வேண்டும், அதற்காக நரி சாக வேண்டும் என்று இல்லை.

ஆத்தூர் ரோட்டில் கேட், கிரில் செய்கிற ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். கோழிக்கூண்டு என்றதும் அந்தத் தம்பி, "அதுக்கு இந்த வலை போதுங்க அக்கா" என்று சுருட்டி வைத்திருந்த அதே அறுகோண வலையைக் காட்டினார். பையிலிருந்து அந்த ஏழு பின்னையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு பின்னை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நரிக்குத்தாங்க கூண்டு செய்யணும், கோழிக்கு இல்ல" என்றார். அந்த வார்த்தைக்காகவே ஆர்டர் கொடுத்தேன்.

செய்தது இரண்டு பகுதி. ராத்திரி அடைகிற அறை 6 அடி நீளம், 4 அடி அகலம், கால் வைத்துத் தரையிலிருந்து 2 அடி தூக்கியது. 20 கோழி அடையலாம். அதை ஒட்டிப் பகலில் மேய 10 அடி நீளத்தில் ஒரு வலைப்பந்தல், இது தரையிலேயே நிற்கும். சட்டம் ஓரங்குல ஜி.ஐ. சதுரக் குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. வலை எல்லாம் வெல்ட் மெஷ், அதாவது குறுக்குக் கம்பியும் நெடுக்குக் கம்பியும் சேருகிற ஒவ்வோர் இடத்திலும் பற்ற வைத்தது. கீழ் 2 அடிக்கு அரை அங்குலக் கண், அதற்கு மேலே ஓரங்குலக் கண். மேலே போட்டது 14 கேஜ் கம்பி, சுமார் 2 மில்லிமீட்டர். கேஜ் நம்பர் குறையக் குறையக் கம்பி தடிமன் கூடும், கடையில் பேரம் பேசும்போது இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஏமாறுபவர்கள் நிறையப் பேர். நானும் முதலில் 22 கேஜ் என்றால் பலமானது என்றுதான் நினைத்தேன்.

கீழே ஏன் அரை அங்குலம்? பூனை வெளியே நின்றபடியே ஓரங்குலக் கண்ணில் கையை விட்டுக் குஞ்சின் காலை இழுத்துவிடும். பாம்பும் சின்ன கீரியும் நுழைவதும் கீழேதான். மேலேயும் அரை அங்குலமே போட்டிருக்கலாம், ஆனால் விலை எகிறுகிறது, காற்றும் கொஞ்சம் குறைகிறது.

இந்தக் கூண்டில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் வெளியே தெரியாத பாகம். வலைப்பந்தலின் அடிச்சட்டத்திலிருந்து வெளிப்பக்கமாக 2 அடி அகலத்துக்கு வெல்ட் மெஷைத் தரையோடு படுக்க வைத்துப் பற்ற வைத்திருக்கிறார், சுற்றிலும், புடவைக்குக் கரை வைத்த மாதிரி. அதன் மேல் நான்கு விரல்கடை மண் போட்டு, ஓரத்தில் மட்டும் கல் அடுக்கினோம். இப்போது புல் முளைத்து, வலை இருப்பதே தெரியாது. வேலியை இரண்டடி ஆழத்துக்குப் புதைக்கிற வழியும் உண்டு, எங்கள் கரட்டு மண்ணில் ஒரு சாண் தோண்டுவதற்குள் கடப்பாரை தேய்ந்துவிடும். படுக்க வைத்ததுதான் எங்களுக்குத் தோதானது.

அது வேலை செய்கிறதா என்பதை மாசி மாதத்தில் ஒரு ராத்திரி பார்த்தேன். மகன் ஒரு சின்ன வைஃபை கேமராவை முருங்கை மரத்தில் மாட்டிக் கொடுத்திருந்தான். போனில் மணி அடித்தது, 1:40. படம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். முதலில் இரண்டு கண் மட்டும் மின்னியது. அப்புறம் உருவம் வந்தது. கூண்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்று, மூக்கு வலையை விட்டு விலகவே இல்லை. ராத்திரி அறைக்கு நேர் கீழே வந்து நின்று மேலே பார்த்தது. உள்ளே சேவல் ஒரு தடவை தொண்டையைச் செருமியது, அவ்வளவுதான். பிறகு பந்தலின் மூலைக்குப் போய்ச் சட்டத்தை ஒட்டித் தோண்ட ஆரம்பித்தது. முன்னங்கால் இரண்டும் மாறி மாறி, மண் பின்னால் தெறிக்கிறது. சட்டென்று நின்றது. நகம் கம்பியில் மாட்டியிருக்க வேண்டும். முகர்ந்து பார்த்தது. ஒரு முழம் தள்ளி மறுபடி தோண்டியது, அதுவும் சட்டத்தை ஒட்டித்தான். மறுபடி கம்பி. இப்படி நான்கு இடம். சுவரோரம் தோண்ட வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரிந்த வித்தை, இரண்டடி பின்னால் தள்ளிப்போய்த் தோண்ட அதற்குத் தோன்றவில்லை. 19 நிமிடம் முயற்சி செய்துவிட்டுத் தோப்புப் பக்கம் போனது. நான் போனைக் கீழே வைக்கவில்லை, வீட்டுக்காரர் எழுந்து வந்து "படமா பாக்குற" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

காலையில் போய் நான்கு குழியையும் பார்த்தேன். ஒன்றில் கம்பியில் கொஞ்சம் செம்பழுப்பு முடி ஒட்டியிருந்தது.

இனிக் குறைகள். பத்து நாளில் தருகிறேன் என்றார், ஐந்து வாரம் ஆனது. நடுவில் யாரோ ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசம், அவர்கள் கேட் முதலில் என்று போய்விட்டார். பட்டறைக்காரர்களிடம் இது புதிதில்லை, முன்பணத்தைக் குறைவாகக் கொடுத்தால் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும்.

பெரிய குறை கதவு. பந்தலின் கதவுக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தார். "கதவு உரசாம இருக்கணுங்களே அக்கா" என்றார். வீட்டு கேட்டுக்கு அது சரி. இங்கே அந்த இரண்டு விரல் சந்து போதும். கூண்டு வந்த நாலாம் நாள், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, ஒரு கீரி அதன் வழியாகத் தலையை நுழைத்து, உடம்பைத் தட்டையாக்கி உள்ளே வந்து ஒரு குஞ்சை எடுத்துவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் தாய்க்கோழி கத்துகிற கத்தலில் ஓடினேன், வந்த வழியே போய்விட்டது. மறுநாளே பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். குற்றத்தை ஒப்புக்கொண்டார், காசு வாங்காமல் கீழ்ச்சட்டத்தில் ஒரு தகடு வைத்துப் பற்ற வைத்துக் கொடுத்தார். கூண்டைப் பட்டறையிலேயே பார்த்து வாங்குபவர்கள் நின்றுகொண்டு பார்க்காதீர்கள். வெட்கப்படாமல் குப்புறப் படுத்துத் தரை மட்டத்தில் ஒரு சுற்றுப் பாருங்கள். நான் நின்று பார்த்துத்தான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தாழ்ப்பாளும் சுமார்தான். வெறும் கொண்டியும் நாதாங்கியும். நாய் காலால் தட்டித் தட்டி அதைத் தூக்கிவிடும், நரிக்கும் முடியும். நாதாங்கியில் ஒரு நாலங்குல ஆணியைச் செருகி, ஆணி தொலையாமல் இருக்கச் சட்டத்தோடு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டேன். பூட்டுப் போடலாம், ராத்திரி சாவி தேடுகிற பொறுமை எனக்கில்லை.

பற்ற வைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு கருகிப்போகும், அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். அவர் சில்வர் பெயின்ட் ஒரு கை அடித்திருந்தார், ஆடி மழைக்குள் உரிந்துவிட்டது. நானே ரெட் ஆக்சைடு வாங்கி அடித்தேன். சக்கரம் நான்கு வைத்தார், ராத்திரி அறையை நகர்த்திக்கொள்ளலாம் என்று. மளிகைக் கடைத் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரிச் சின்னது, செம்மண்ணில் புதைந்து ஒரு வருடமாக அங்கேயே நிற்கிறது. அதற்கு 1,200 ரூபாய் தனி. தண்டம்.

கூரை தகரம். சித்திரையில் உள்ளே கை வைக்க முடியாத சூடு. தென்னங்கீற்று இரண்டு அடுக்கு மேலே போட்டபின் பரவாயில்லை. ஆனால் கீற்றுக்குள் மரநாய் குடியேறாமல் அவ்வப்போது உதறிப் பார்க்க வேண்டும்.

நடுவில் சோலார் சிவப்பு விளக்கும் வாங்கிப் பார்த்தேன், இரண்டு சேர்ந்து 899 ரூபாய். இருட்டினதும் மின்னி மின்னி அணையும், இன்னொரு மிருகத்தின் கண் என்று நரி பயந்துவிடுமாம். முதல் இரண்டு வாரம் வரவே இல்லை. மூன்றாம் வாரம் கேமராவில் பார்த்தால் விளக்குக்கு ஓர் அடி தள்ளி உட்கார்ந்து காதைச் சொறிகிறது. இடம் மாற்றி மாற்றி வைத்தால் கொஞ்ச நாள் ஓடும். விளக்கை நம்பிக் கதவைத் திறந்து வைக்காதவரை நஷ்டமில்லை.

காசுக் கணக்கு கேட்பவர்களுக்கு: அன்றைக்குப் போன 11 கோழியை விற்றிருந்தால்கூட இந்தக் கூண்டு விலையில் பாதி வந்திருக்காது. ஐந்து கோழி வைத்திருப்பவர் இவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. பழைய மாதிரி செங்கல்லில் ஒரு பொந்து கட்டி, பலகைக்கு ஒரு கல் அண்டை கொடுத்தால் போதும், நிஜமாகவே போதும். 20-க்கு மேல் வைத்திருப்பவர்கள், பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள் யோசிக்கலாம். அப்புறம், நரியிடம் தப்பித்த கோழி வெள்ளைக்கழிச்சல் நோயில் போனால் எந்தக் கூண்டும் என்ன செய்யும்? மாசி வாக்கில் கால்நடை மருந்தகத்தில் கழிச்சல் தடுப்பூசி போடுவார்கள், காசு கிடையாது. கூடையில் எடுத்துப் போய்ப் போட்டு வந்துவிடுங்கள்.

எந்தக் கூண்டிலும் ஒரு பாகத்தை மட்டும் பட்டறையில் செய்து தர முடியாது: பொழுது சாயும்போது போய் அடைக்கிற ஆள். மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். போன மார்கழியில் சீரியல் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் மறந்துவிட்டேன். ஓடிப் போய்ப் பார்த்தால் அத்தை, முட்டி வலியோடு, தடியை ஊன்றிக்கொண்டு கூண்டு வாசலில் நிற்கிறார். எண்ணி முடித்துவிட்டார். "பத்தொம்பது இருக்குது, அந்தச் சாம்பல் பெட்டை எங்க?" என்றார். அது முட்டைப் பெட்டியில் அடைக்கு உட்கார்ந்திருந்தது.

பட்டறைக்காரர் போன மாதம் கூப்பிட்டார். இதே அளவில் ஏத்தாப்பூர்ப் பக்கம் ஒருவர் கேட்கிறாராம், வந்து அளவெடுத்துக்கொள்ளலாமா என்று. வாங்க தம்பி, ஆனால் சக்கரத்தை அவர் தலையில் கட்டாதீங்க என்றேன். வந்தவர் படுத்துத்தான் அளவெடுத்தார். போகும்போது வேப்பமரத்தடியில் அந்தப் பச்சைக் கூரை ஆன்லைன் கூண்டைப் பார்த்துவிட்டு, இன்னும் இதில் கோழி விடுறீங்களா என்று கேட்டார். இல்லை, சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். நாலு பக்கமும் காற்று வருகிறது, அழுகாமல் அருமையாக இருக்கிறது.